தின்பது எங்கே போகிறது? சத்து சேராத குடலும் சாதி வகுத்த குடிநீரும்

கல்லிடைக்குறிச்சியை ஒட்டிய ஒரு குடியிருப்பில் நாங்கள் நடத்திய சட்ட உதவி முகாமுக்கு ஒரு தாய் தம் இரண்டரை வயது மகனை இடுப்பில் சுமந்துகொண்டு வந்தார். அவர் கையில் வழக்குக் கட்டு ஏதும் இல்லை. அங்கன்வாடியில் தந்த வளர்ச்சி அட்டை மட்டுமே இருந்தது. அந்த அட்டையில் குழந்தையின் எடைக்கோடு முதற்பிறந்தநாளுக்குச் சற்று முன்பே ஏறுவதை நிறுத்தி, படுத்துக் கிடந்தது.

"புள்ளைக்கு ஒழுங்கா ஊட்டுறதில்லைன்னு போற எடமெல்லாம் ஏசுதாவ சார். சத்துமாவும் திங்கான், முட்டையும் திங்கான். திங்கது எங்க போவுதுன்னு நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க."

நாங்கள் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள் அல்லர். ஆயினும் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட இயலவில்லை. மருத்துவ நண்பர்களிடம் கேட்டும், ஆய்வுகளைத் தேடிப் படித்தும் நாங்கள் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். உணவு உரிமையைப் பற்றிப் பேசும் நம் இயக்கங்கள் தட்டில் எவ்வளவு விழுகிறது என்பதைக் கணக்கிடக் கற்றிருக்கின்றன. தட்டில் விழுந்தது குடற்சுவரைத் தாண்டிக் குருதிக்குள் செல்கிறதா என்பதை இன்னும் கணக்கிடவில்லை. அவ்வாறு செல்லவிடாமல் தடுப்பவற்றுள் முதன்மையானது மாசுபட்ட தண்ணீர். அது யார் வீட்டுக் குழாயில் வருகிறது என்பதோ இந்நாட்டில் தற்செயலாக முடிவாவதில்லை.

வாயிலிருந்து குருதி வரை

வயிற்றுக்குள் போன உணவு உடலுக்குள் போய்விட்டதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மையில் வாயிலிருந்து ஆசனவாய் வரையிலான உணவுப்பாதை உடலின் ஊடாகச் செல்லும் ஒரு நீண்ட குழாய். அதன் சுவரைக் கடந்தால்தான் உணவு உடலில் சேர்ந்ததாகப் பொருள்.

முதல் வேலை உடைப்பது. சோற்றிலுள்ள மாவுப்பொருளை உமிழ்நீரும் கணையநீரும் சிறுசிறு சர்க்கரைகளாக்குகின்றன. முட்டையிலும் பருப்பிலும் உள்ள புரதத்தை இரைப்பையின் அமிலமும் நொதியும் பிளக்க, கணையத்தின் நொதிகள் அதை அமினோ அமிலங்களாகவும் அவற்றின் குறுந்தொடர்களாகவும் ஆக்குகின்றன. எண்ணெயும் கொழுப்பும் நீரில் கரையாதவை. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர், சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதுபோல, அவற்றை நுண்துளிகளாகச் சிதறடித்த பிறகே நொதிகள் அவற்றின்மீது வேலை செய்ய முடியும்.

இரண்டாவது வேலை உறிஞ்சுவது. இது பெரும்பாலும் சிறுகுடலில் நடக்கிறது. வளர்ந்தவருக்குச் சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளம். அதன் உட்சுவர் முழுதும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் விரல்போன்ற குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. பள்ளிப் பாடநூலில் நாம் படித்தவைதாம். ஒவ்வொரு குடலுறிஞ்சியையும் போர்த்தியிருக்கும் செல்களின் மேற்புறத்தில் இன்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. மடிப்பு, விரல், இழை என அடுக்கடுக்காக விரிவதால் ஒரு சிறு வயிற்றுக்குள் ஒரு பெரிய கூடத்தின் தரையளவு பரப்பு அடங்கிவிடுகிறது. இந்தச் செல்கள் ஓயாது தேய்ந்து உதிர்கின்றன. மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் குடலின் உட்போர்வை முழுதுமே புதிதாக முளைத்துவிடுகிறது.

ஒவ்வொரு சத்துக்கும் ஒரு வாயில் உண்டு. இரும்புச்சத்து சிறுகுடலின் தொடக்கப்பகுதியில் உறிஞ்சப்படுகிறது. பி12 உயிர்ச்சத்து, இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தோடு கைகோத்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை பயணம் செய்தே உள்ளே நுழைகிறது. கொழுப்பும், அதோடு சேர்ந்து செல்லும் ஏ, டி, இ, கே உயிர்ச்சத்துகளும் முதலில் நிணநீர்க் குழல்களில் சேர்ந்து பிறகு குருதியை அடைகின்றன. குளுக்கோஸ் தனியே நுழைவதில்லை. உப்பிலுள்ள சோடியத்தையும் உடன் இழுத்துக்கொண்டு செல்கிறது. இவ்விரண்டையும் தொடர்ந்து தண்ணீர் செல்கிறது.

இந்தக் கடைசி உண்மை பல இலட்சம் உயிர்களைக் காத்திருக்கிறது. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையோரப் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனோபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தின் வரலாறு இதுதான்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் இருத்துவோம். நாம் குடிப்பதும், உமிழ்நீர் முதல் பித்தநீர் வரை உடலே சுரப்பதுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்பது லிட்டர் நீர்மம் குடலுக்குள் இறங்குகிறது. மலத்தில் வெளியேறுவது இருநூறு மில்லி லிட்டருக்கும் குறைவு. மற்ற அனைத்தையும் குடல் மீட்டெடுக்கிறது. அந்தச் சுவர் சேதமடைந்தால் எவ்வளவு இழக்க நேரும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

எங்கெங்கே தடைபடுகிறது

உண்ட உணவின் சத்து போதிய அளவில் உறிஞ்சப்படாத நிலையை உட்கிரகிப்புக் குறைபாடு என்கிறார்கள். இது ஒற்றை நோயன்று. பல நோய்களின் விளைவு. மேற்சொன்ன வரிசையில் எந்தப் படி முறிந்தாலும் ஏற்படும்.

கணையம் பழுதானால் கொழுப்பு செரிக்காது. மலம் எண்ணெய்ப்பசையோடும் கடும் நாற்றத்தோடும் மிதக்கும். குடிப்பழக்கத்தால் வரும் கணைய அழற்சி ஒருபுறமிருக்க, குடிப்பழக்கமே இல்லாத இளையோருக்கும் கணையத்தில் கல் உண்டாகும் நோய் கேரளத்திலும் தமிழகத்திலும் நெடுங்காலமாகக் காணப்படுகிறது. பித்தநீர்க் குழாய் அடைபட்டாலும் கொழுப்பு சேராது. குடற்காசநோய் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்குவதால் பி12 குறையும். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் நொதி வயது ஏற ஏறக் குறைவது தென்னிந்தியரிடையே மிகப் பரவலானது. அவர்களுக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும். கோதுமையிலுள்ள புரதத்துக்கு எதிராக உடல் தன் குடலையே தாக்கும் சீலியக் நோய், கோதுமை உண்ணும் வடமாநிலங்களில் மிகுதி, இங்கே குறைவு. ஜியார்டியா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி மாசுபட்ட நீரின்வழி வந்து குடற்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. கொக்கிப்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே வந்து, குடற்சுவரைக் கடித்துக் குருதியை உறிஞ்சுகிறது. அங்கே சத்து உட்செல்லவில்லை என்பதைவிட, உட்சென்றது களவு போகிறது என்பதே பொருத்தம். காலணியின்றி வயலிலும் கழிவிலும் இறங்கி உழைக்க வைக்கப்பட்டவர்கள் யாரென்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் சோதனைகள் உண்டு, மருத்துவமும் உண்டு. மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, எண்ணெய்ப்பசை மலம், காரணமின்றி எடை குறைதல், மாலைக்கண், வாய்ப்புண், இரும்பு மாத்திரை உண்டும் ஏறாத குருதிச்சோகை ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் மருத்துவமனையில் மலச்சோதனையும் குருதிச்சோதனையும் கேட்டுப் பெறவேண்டும். தேவையானால் அகநோக்கிக் கருவிமூலம் குடல் திசுவை எடுத்தும் பார்ப்பார்கள்.

ஆனால் வயிற்றுப்போக்கே இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், நோயாளி என்ற பெயரே இல்லாமல் எடை ஏறாதிருக்கும் குழந்தைகளும் உள்ளனர். அந்தத் தாயின் கேள்வி இவர்களைப் பற்றியதாகவும் இருக்கக்கூடும்.

வேலூர் கண்டது

இத்தகைய குடலைப் பற்றிய அடிப்படையான ஆய்வுகள் சில நம் மாநிலத்திலேயே நடந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் 1960களில் ஸ்ப்ரூ எனப்படும் உட்கிரகிப்பு நோயை ஆராய்ந்தனர். தென்னிந்தியக் கிராமங்களில் அது கொள்ளைநோய் போலப் பரவியதை அவர்கள் 1968இல் பதிவுசெய்தனர். விடாத வயிற்றுப்போக்கும் எடையிழப்பும் சோகையும் கண்டு பலர் மடிந்தனர்.

அதைவிட வியப்பானது வேறொன்று. நோயில்லாதவர்கள் என்று ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட ஊர்மக்களின் குடலும் மேலைநாட்டுப் பாடநூல்களில் சொன்னபடி இல்லை. விரல்போல் நீண்டு நிற்கவேண்டிய குடலுறிஞ்சிகள் குட்டையாகி, அகன்று, இலைபோலவும் வரப்புபோலவும் கிடந்தன. உறிஞ்சும் திறனை அளக்கும் சோதனைகளிலும் அவர்களில் பலர் குறைவான அளவையே காட்டினர். நலமாக நடமாடிய மனிதர்கள் அவர்கள். தம் குடலில் பாதி வாயில்கள் அடைபட்டிருப்பதை அவர்கள் அறியவில்லை. வெப்பமண்டலக் குடல்நிலை என்று முதலில் பெயரிடப்பட்ட இது, இன்று சுற்றுச்சூழல் சார்ந்த குடற்செயலிழப்பு என்று வழங்கப்படுகிறது. பெயர் மாறியதில் ஓர் ஒப்புதல் அடங்கியிருக்கிறது: காரணம் வெயிலில் இல்லை, சூழலில் இருக்கிறது.

நடப்பது இதுதான். மலக்கிருமி கலந்த நீரும் உணவும் மண்ணும் நாள்தோறும் சிறிது சிறிதாகக் குழந்தையின் வயிற்றுக்குள் செல்கின்றன. ஒரே நாளில் வாந்திபேதி வருமளவுக்கு அவை மிகுதியில்லை. குடலை ஓய்வெடுக்க விடுமளவுக்குக் குறைவுமில்லை. உடலின் காவற்படை குடற்சுவரிலேயே நிலையாக முகாமிடுகிறது. தொடர் அழற்சியில் குடலுறிஞ்சிகள் தேய்கின்றன. செல்களுக்கிடையிலான இணைப்புகள் தளர்ந்து, வெளியே நிற்கவேண்டியவை உட்புகுகின்றன. அவற்றோடு போராட உடல் வளர்ச்சிக்கான சத்தைச் செலவிடுகிறது. ஆக, இழப்பு இருமுறை நேர்கிறது: உண்டதில் ஒருபகுதி உட்செல்லவில்லை, உட்சென்றதில் ஒருபகுதி எலும்புக்கும் தசைக்கும் போகாமல் போருக்குப் போய்விடுகிறது.

இரும்புச்சத்தின் கதை இதைத் தெளிவாக்கும். உடலில் அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்னும் சுரப்பைக் கூட்டுகிறது. கிருமிகளுக்கும் இரும்பு தேவை என்பதால், அவற்றுக்குக் கிடைக்காதபடி உடலே இரும்பின் வாயிலைச் சாத்திவிடும் தற்காப்பு இது. எனவே, அழற்சி தணியாத குழந்தைக்கு இரும்பு மருந்து கொடுத்தால் அதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சோகை உள்ளோர் 2015–16இல் 50.7 விழுக்காடு, 2019–21இல் 57.4 விழுக்காடு. இடைப்பட்ட ஆண்டுகளில் மாத்திரையும் சத்துமாவும் நிறுத்தப்படவில்லை. இந்த உயர்வுக்குக் குடல் ஒன்றே காரணம் என்று நாங்கள் கூறவில்லை. கொடுப்பதை மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

பிறப்பா, இடமா?

இந்தக் கண்டுபிடிப்பைத் தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. "இவர்களின் உடலே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் நாட்டில் அந்த வாதம் எளிதில் எடுபடும். அறிவியல் அதற்கு இடம் தரவில்லை.

வேலூர் ஆய்வாளர்கள் 1969இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்தவுடன் இறந்த சிசுக்களின் குடலில் குடலுறிஞ்சிகள் விரல்போல் நீண்டு நன்றாகவே இருந்ததைக் காட்டினர். தேய்வு பிறந்த பின்பே தொடங்குகிறது. 1966இல் லிண்டன்பாம் முதலியோர், அமெரிக்க அமைதிப் படையின் தொண்டர்களாக அன்றைய கிழக்குப் பாகிஸ்தானுக்கு வந்த இளைஞர்களைப் பரிசோதித்தனர். நல்ல உணவும் நல்ல உடல்நலமும் கொண்டு வந்த அவர்களுள் பலரது குடலும் சில மாதங்களிலேயே இங்குள்ளோர் குடலைப்போல் ஆகியிருந்தது; நாடு திரும்பியபின் தேறியது. மறுதிசையில் நடந்த ஆய்வும் உண்டு. நியூயார்க் நகரில் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியர் குடல்களை ஆராய்ந்து 1971இல் வெளியான அந்த ஆய்வு, அங்கே ஆண்டுகள் செல்லச்செல்ல அவர்களின் குடல் அமைப்பும் உறிஞ்சும் திறனும் மீண்டதைக் காட்டியது.

அமெரிக்கர் இங்கே வந்தால் குடல் தேய்கிறது. இந்தியர் அங்கே போனால் வளர்கிறது. மூன்று ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால், வழக்கு மன்றத்தில் நாங்கள் சான்றாக வைக்கத்தக்க ஒரு முடிவு கிடைக்கிறது. குறை பிறப்பில் இல்லை. வாழவைக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது. ஐந்து நாளில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு மாதக்கணக்கில் புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறதென்றால், அதை விடாமல் காயப்படுத்தும் ஒன்று அங்கே இருக்கிறது என்றே பொருள்.

ஆற்றங்கரையில் ஒரு வறட்சி

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணி ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு. எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரைப் பிரிக்கின்றன. அவற்றுள் ஒன்றான கன்னடியன் அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்தான் கல்லிடைக்குறிச்சி முதல் சேரன்மகாதேவி வழியாக வயல்களை நனைக்கிறது. அப்பளத்துக்குப் பெயர்பெற்ற கல்லிடைக்குறிச்சியில், அந்தப் பெயருக்கு ஆற்றுநீரின் சுவையே காரணம் என்று ஊரார் பெருமையோடு சொல்வதுண்டு. இப்படிப்பட்ட நிலத்தில் தண்ணீரால் குழந்தையின் எடை ஏறாமல் போகக்கூடுமா?

கூடும். ஆற்றில் நீர் இருப்பதற்கும் அதே நீர் தூய்மையாக வீட்டுக்குள் வருவதற்கும் இடையே ஒரு நெடுந்தொலைவு இருக்கிறது. ஊர்களின் கழிவுநீர் தாமிரபரணியில் கலப்பதை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசாரித்து வருகிறது. 2024இல் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட்டனர். இது எல்லாருக்குமான கேடு. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. ஊர் மேட்டிலும் சேரி தாழ்விலும் அமைந்த பழைய வரைபடத்தின்மேல்தான் புதிய குழாய்களும் பதிக்கப்பட்டன. நாங்கள் சென்ற குடியிருப்புகள் பலவற்றில் குடிநீர்க் குழாய் வாய்க்காலை ஒட்டியோ சாக்கடைக்குள்ளேயோ செல்கிறது. தெருவின் கடைசியில்தான் நம் மக்களின் வீடுகள் இருக்கின்றன. தண்ணீர் நாள்முழுதும் வருவதில்லை. நீர் நின்று குழாய் வெறுமையாகும்போது, விரிசல்களின் வழியே வெளியிலுள்ள கழிவு உள்ளே இழுக்கப்படுகிறது. மறுமுறை நீர் திறக்கையில் முதலில் வருவது அதுவே. பிறகு குடத்திலும் தொட்டியிலும் தேக்கிவைக்கும் கட்டாயத்தில் கிருமி மேலும் பெருகுகிறது.

கழிப்பறையின் கதையிலும் சாதி இருக்கிறது. குறைந்த செலவில் கட்டத்தக்க சிறுகுழிக் கழிப்பறையை இந்தியக் கிராமங்கள் ஏன் ஏற்கவில்லை என்று ஆராய்ந்த டயான் காஃபியும் டீன் ஸ்பியர்சும், 2017இல் வெளியான தம் நூலில் தீண்டாமையைச் சுட்டினர். குழி நிறைந்தால் அள்ளுவது இழிந்த சாதியின் வேலை என்ற எண்ணம் நிலைத்திருப்பதால், நிறையாத பெருந்தொட்டி கட்ட முடியாதவர்கள் வெட்டவெளியையே நாடுகிறார்கள். சாதி தூய்மையென்று எதைக் கருதுகிறதோ அது ஊர் முழுதின் குடலையும் அழுக்காக்குகிறது. அந்த அழுக்கு பள்ளத்தை நோக்கியே ஓடி வருகிறது. 2019–21 தேசிய ஆய்வில் வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாட்டளவில் 35.5 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே ஏறத்தாழ 39 விழுக்காடு.

இந்த ஆற்றோடு நமக்கு வேறொரு நினைவும் உண்டு. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வையும் சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையையும் கோரி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தைக் காவல்துறை தாக்கியது. 17 பேர் இதே தாமிரபரணியில் மாண்டனர். இறந்தவருள் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அன்று கேட்டது வயிற்றுக்கான கூலி. இன்று வயிற்றுக்குள் போவதற்கான தண்ணீரைக் கேட்கவேண்டியிருக்கிறது.

சட்டம் எதை எண்ணுகிறது?

தமிழகத்தின் உணவுத் திட்டங்களை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. காமராசர் காலத்துப் பள்ளி மதிய உணவும், 1982இல் விரிவடைந்த சத்துணவும், பின்னர் சேர்ந்த முட்டையும், 2022இல் தொடங்கிய காலை உணவும் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்தன. ஒரே பந்தியில் அமர வைத்தன. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாடெங்கும் சமைத்த மதிய உணவு வழங்க ஆணையிட்டது. அதே வழக்கில் 2004 ஏப்ரல் 20 அன்று, சமையலர் நியமனத்தில் தலித் மக்களுக்கு முன்னுரிமை தரச் சொன்னது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இவை போராடிப் பெற்ற உரிமைகள்.

ஆயினும் இவை அனைத்தும் அளப்பது கொடுத்த அளவை: இத்தனை கிராம், இத்தனை முட்டை, இத்தனை நாள். அரசமைப்பின் 47ஆம் உறுப்பு வேறொன்றைச் சொல்கிறது. மக்களின் ஊட்டநிலையை உயர்த்துவதும் பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவதும் அரசின் முதன்மைக் கடமை என்கிறது. ஊட்டமும் சுகாதாரமும் அங்கே ஒரே வரியில் நிற்கின்றன. நிர்வாகமோ அவற்றை வெவ்வேறு துறைகளுக்குப் பிரித்துவிட்டது. முட்டை கொடுப்பவர் குழாயைப் பார்ப்பதில்லை. குழாய் போட்டவர் எடையைப் பார்ப்பதில்லை. இடையில் கோடு ஏறாதபோது பழி தாயின்மேல் விழுகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இந்த இடைவெளி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீரைக் கெடுப்பது அச்சட்டத்தின் 3(1) பிரிவின்படி குற்றம். அந்நீர்நிலையைத் தூய்மை செய்து மீட்கும் செலவு முழுதையும் அரசு ஏற்கவேண்டும் என்கிறது விதிகளின் நிவாரணப் பட்டியல். தொட்டியைக் கழுவ வழி சொன்ன அந்த இனத்தில், அந்த நீரைக் குடித்த குழந்தைகளின் குடலைத் தொடர்ந்து கவனிக்க வழி சொல்லப்படவில்லை. 2022 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் மேல்நிலைத் தொட்டிக்குள் மனித மலம் கிடந்தது எப்படித் தெரியவந்தது? குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்று, தண்ணீரைச் சோதிக்குமாறு மருத்துவர்கள் கூறியதால்தான். குழந்தைகளின் குடலே அவ்வழக்கின் முதல் சாட்சி. அதன்பின் நாடே குற்றவாளி யார் என்று பேசியது. 2025 சனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே ஊரின் பட்டியல் சாதியினர் மூவரைக் குற்றஞ்சாட்டியபோது அம்மக்கள் அதை ஏற்க மறுத்தனர். முதல் சாட்சிகளின் உடல்நலம் மட்டும் அந்தப் பேச்சில் இடம்பெறவேயில்லை.

வேங்கைவயலில் நடந்தது ஒரு கொடுஞ்செயல், அதனால் செய்தியானது. உடைந்த குழாயின்வழி நாள்தோறும் கலக்கும் மலம் செய்தியாவதில்லை. அதைச் செய்த கை எதுவென்று சுட்ட முடியாது. ஆனால் குடலுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

எதைக் கேட்க வேண்டும்?

அண்மைக்கால ஆய்வுகள் ஒரு கசப்பான பாடத்தைத் தந்துள்ளன. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் வீட்டுக்கு ஒரு எளிய கழிப்பறை, கைகழுவும் இடம், நீரில் கலக்கக் குளோரின் என்று கொடுத்துக் குழந்தைகளின் வளர்ச்சியை அளந்தார்கள். 2018, 2019 ஆண்டுகளில் வெளியான முடிவுகளின்படி, இவற்றால் மட்டும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. சுற்றிலும் கிருமி நிறைந்திருக்கையில் அரைகுறைத் தடுப்பு குடலைக் காக்கவில்லை என்றே ஆய்வாளர்கள் பலர் இதை விளக்குகிறார்கள். ஏழைக்கு ஏழைத்தனமான கழிப்பறை, சேரிக்குச் சேரித்தரத்தில் குழாய் என்ற கொள்கை குடலின் முன் தோற்றுவிட்டது. ஊருக்கு எந்தத் தரத்தில் தண்ணீரும் வடிகாலும் உண்டோ, அதே தரம் நம் தெருக்களுக்கும் வேண்டும். 1927 மார்ச்சில் மகத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் கேட்டதும் பொதுநீரில் சமபங்குதான்.

ஆகவே நாங்கள் கேட்கச் சொல்வது இவற்றை:

ஒன்று, சான்று. குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி 100 மில்லி லிட்டர் நீரில் ஈ.கோலை கிருமி காணப்படவே கூடாது. குளோரின் கலந்து வழங்கும் நீரில், பயன்படுத்துவோர் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கவேண்டும். தொட்டியில் எடுத்த சோதனை போதாது. தெருவின் கடைசிக் குழாயில் எடுக்கக் கோருங்கள். முடிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்வழிப் பெறலாம். கிராமசபையில் வைத்துத் தீர்மானமாகப் பதியலாம்.

இரண்டு, மருத்துவம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது ஊட்டத்துக்காக மட்டுமன்று. மாசுபட்ட நீரிலிருந்து குடலைக் காக்கும் வேலியும் அதுவே. வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு–சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கேட்டு வாங்குங்கள், உணவை நிறுத்தாதீர்கள். எடை ஏறாத குழந்தைக்கு "இன்னும் ஊட்டுங்கள்" என்ற அறிவுரையோடு திருப்பி அனுப்பாமல், மலச்சோதனையும் காசநோய்ச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

மூன்று, அட்டை. அங்கன்வாடி வளர்ச்சி அட்டையில் எடைக்கும் உயரத்துக்கும் தடுப்பூசிக்கும் கட்டங்கள் உள்ளன. அந்தக் குழந்தை குடிக்கும் நீரின் சோதனை முடிவுக்கும் அதே அட்டையில் ஒரு கட்டம் வேண்டும். எடைக்கோடு படுத்த மாதத்தில் குழாய்நீர் எப்படி இருந்தது என்பது அருகிலேயே எழுதப்பட்டிருந்தால், யாரை ஏசுவது என்பதில் குழப்பம் இராது.

முகாம் முடிந்த அடுத்த வாரம் அந்தக் குழந்தை மருத்துவரிடம் சென்றான். அந்தத் தெருவின் கடைசிக் குழாய்நீரைச் சோதிக்கக் கோரும் மனுவில் முதல் கையொப்பம் அவன் தாயினுடையது. மனுவோடு இணைப்பாக என்ன வைக்கலாம் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் மடியிலிருந்து வளர்ச்சி அட்டையை எடுத்து நீட்டினார்.